மேசை நடுவில் வைக்க ஒன்று

ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் நான் சேர்ந்து இரண்டாவது வருடம் அது. பிரிவில் பன்னிரண்டு பேர். பதினொரு பேர் ஆண்கள். பொங்கலுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஹெச்.ஆரிலிருந்து ஒரு பெண் காகிதக் கட்டோடு வந்தாள். பண்டிகைக்கு எல்லோரும் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள் என்பதால் கம்பெனியில் நாலு நாள் முன்னதாகவே பொங்கல் கொண்டாடுவது வழக்கம். அந்த வருடம் கேன்டீனில் வாழையிலைச் சாப்பாடு, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நீள மேசை, மேசைக்கு நடுவில் அந்தந்தப் பிரிவே ஓர் அலங்காரம் செய்து வைக்க வேண்டும், நன்றாக இருப்பதற்குப் பரிசு என்று அவள் சொன்னாள்.

“சென்டர் பீஸ்னு சொல்லுவாங்க சார். சிம்பிளா இருந்தாலே போதும்” என்றாள்.

எங்கள் பிரிவில் பீஸ் என்றால் லைனிலிருந்து வரும் இரும்புப் பாகம். சென்டர் என்றால் அதில் துளை போட வேண்டிய இடம். அது இம்மி விலகினால் அந்த லாட்டையே நிறுத்திவைப்போம். அவள் சொன்னது என்னவென்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் எங்கள் சூப்பர்வைசர், காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், காகிதத்தில் ‘பொறுப்பு’ என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டிருந்தார்.

“சார், எனக்கு இதெல்லாம் வராது” என்றேன்.

“அட, சும்மா சொல்லாதம்மா. பொம்பளப் புள்ளைக்கு வராம இன்னா?”

“நெசமாத்தான் சார் சொல்லுதேன். எனக்குக் கோலமே போடத் தெரியாது.”

பதினொரு பேரும் சிரித்தார்கள். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஹெச்.ஆர். பெண்ணும் சிரித்தாள். “பாத்துக்கலாம், கலக்கிடுவீங்க” என்று சொல்லி அடுத்த பிரிவுக்குப் போய்விட்டாள்.

நான் சொன்னது உண்மை. என் ஊர் உடன்குடிப் பக்கம். மார்கழியில் எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் கோலம் இருக்கும். எங்கள் வீட்டு வாசலிலும் இருக்கும், அது என் தங்கை போட்டது. நான் ஒரு தடவை போட்டேன். புள்ளிகளை அளவு மாறாமல் வரிசையாக வைத்துவிட்டேன். அதைச் சுற்றிக் கம்பி இழுக்கும்போது எங்கோ ஆரம்பித்துச் சாக்கடைப் பக்கம் போய்விட்டது. அம்மா வந்து பார்த்துவிட்டு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பில் நான் தைத்த கைக்குட்டை என் பாவாடையோடு சேர்ந்து தைபட்டிருந்தது. மணி கோத்தால் அறுந்துவிடும். பூக் கட்டினால் நாரிலிருந்து பூவெல்லாம் உதிர்ந்துவிடும். இதில் எனக்கு வெட்கமும் இருந்ததில்லை. எனக்கு அளக்க வரும். ஒரு பாகத்தைக் கையில் எடுத்ததுமே இது தேறாது என்று சொல்லிவிடுவேன். அந்தத் திறமைக்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். அதைப் பார்த்த பிறகும் இந்த ஆட்களுக்கு என் கை எப்படிப்பட்ட கை என்று தெரியவில்லை என்பதுதான் எரிச்சல்.

மறுநாளிலிருந்து யோசனைகள் வர ஆரம்பித்தன. டீ இடைவேளையில் ஒருவர், “மாட்டு வண்டி பண்ணிடுங்க, சூப்பரா இருக்கும்” என்றார். இன்னொருவர் தர்மாகோலில் பொங்கல் பானை என்றார். இன்னொருவர் அவருடைய அக்கா கேரட்டில் ரோஜா செதுக்குவாள் என்று போனில் படம் காட்டினார்.

“அப்ப அக்காகிட்ட சொல்லிச் செதுக்கி வாங்கிட்டு வாங்களேன்” என்றேன்.

“அவ கோயம்புத்தூர்ல இருக்கா” என்றார்.

யோசனை சொல்லப் பதினொரு வாய் இருந்தது. கை கொடுக்க ஒருவரும் இல்லை. சூப்பர்வைசரிடம் போய், யாராவது ஒருவரைத் துணைக்குப் போடுங்கள் சார் என்று கேட்டேன். “ஆம்பளைங்க இன்னாம்மா பண்ணுவானுங்க, கெடுத்துடுவானுங்க” என்றார். நான் மட்டும் கெடுக்கமாட்டேன் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே ஆதாரம் நான் பெண் என்பது.

அப்போது சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாடி அறையில் தங்கியிருந்தேன். என்னோடு இருந்தவள் தேனிப் பக்கத்துக்காரி, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் வேலை. அவளுக்குக் கைவேலை தண்ணீர் பட்ட பாடு. பட்டு நூலில் வளையல் சுற்றித் தோழிகளுக்கெல்லாம் கொடுப்பாள். நான் விஷயத்தைச் சொன்னதும் அவளே செய்து கொடுத்துவிடுவாள் என்று எனக்கு ஓர் ஆசை. ஆனால் அந்த வாரம் முழுக்க அவளுக்கு ஓவர்டைம். அறைக்கு வந்தால் சாப்பிடுவாள், படுப்பாள். “வீடியோ பாருடி, எல்லாம் அதுலயே இருக்கு. நாம்பாட்டுக்கு அதைப் பாத்துத்தேன் படிச்சேன்” என்றாள்.

பார்த்தேன். முதல் ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு அறைக்கு வந்ததும் போனைச் சுவரில் சாய்த்துவைத்து உட்கார்ந்துவிடுவேன். எல்லாவற்றுக்கும் தலைப்பில் எளிமை என்று இருக்கும். ஐந்தே நிமிடத்தில், வீட்டில் இருக்கும் பொருளை வைத்தே என்று ஒரு பெண் இனிக்க இனிக்கச் சொல்வாள். வீட்டில் இருக்கும் பொருள் என்னவென்றால் குளூ கன், தங்க நிற லேஸ், முத்து மணி, சாட்டின் ரிப்பன். எங்கள் அறையில் இருந்தவை இரண்டு பக்கெட், ஓர் இன்டக்‌ஷன் அடுப்பு, துணி காயப்போடும் கயிறு.

காகித நாப்கினில் தாமரை செய்வதை முதலில் எடுத்துக்கொண்டேன். நாலு மூலையையும் நடுவுக்கு மடி என்றாள். மடித்தேன். திருப்பிப் போட்டு மறுபடி மடி என்றாள். மடித்தேன். பிறகு, “இப்ப அடியிலேருந்து லேசா இப்படி இழுங்க” என்றாள். அவள் இழுத்ததும் இதழ் வந்தது. நான் இழுத்ததும் மூலை கிழிந்து வந்தது. அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன். ‘இப்படி’ என்று அவள் சொல்கிற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாமே இருந்தது. அது எனக்குக் கிடையாது. ஒரு கட்டு நாப்கின் ஏறக்குறைய தீர்ந்துபோயிற்று. தேனிக்காரி எழுந்து வந்து, மிச்சமிருந்த ஒன்றை எடுத்து, தூக்கக் கலக்கத்தோடு நாலு மடி மடித்து, “இந்தா, இப்டித்தேன்” என்று தாமரையைத் தரையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. அந்தத் தாமரையையே எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஒற்றைத் தாமரையை இருபது அடி மேசையில் வைத்தால் யாரோ கை துடைத்துப் போட்டது போலத்தான் இருக்கும்.

அடுத்த நாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஃபேன்சி ஸ்டோரில் பசையை உருக்கிப் பீச்சும் குளூ கன்னும் தர்மாகோலும் வாங்கினேன். தர்மாகோலில் பானை வெட்டினேன். வெட்டிய தூள் வெண்மணிகளாக உதிர்ந்து அறையெங்கும் பறந்து தலையிலும் சாம்பார் பாத்திரத்திலும் ஒட்டிக்கொண்டது. பானை ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் ஒட்டி இருந்தது. அதைப் பசையில் ஒட்டி நிமிர்த்தும்போது கொதிக்கிற பசை ஆள்காட்டி விரலில் விழுந்தது. மறுநாள் மைக்ரோமீட்டரைத் திருக முடியவில்லை. விரலில் கட்டோடு வேலை பார்த்தேன். “இன்னாம்மா, அலங்காரம் பலமா போவுது போலக்கீது” என்று சூப்பர்வைசர் சந்தோஷப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுக்குப் போனேன். ஜிகினாத் தாள் வாங்கப் போனேன் என்று நினைவு. வழியெல்லாம் கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, சாமந்திக் கூடை. ஓரத்தில் ஒரு குட்டியானை மினி லாரியில் பனங்கிழங்கு குவித்திருந்தார்கள். தெற்கேயிருந்து வந்த சரக்கு. எங்கள் ஊரில் பனங்கிழங்கு இல்லாமல் பொங்கல் படையல் கிடையாது. மண் காயாத அந்தக் கிழங்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, ஒரு வாரமாக நான் செய்துகொண்டிருந்த முட்டாள்தனம் எனக்கு உறைத்தது. எதையோ வேறொன்று மாதிரி ஆக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். காகிதத்தைத் தாமரையாக, தர்மாகோலைப் பானையாக. தாமரை தாமரையாகவே கிடைக்கிறது. பானை பானையாகவே கிடைக்கிறது. செய்யத் தெரியாதவள் செய்ய வேண்டியதில்லை, வைத்தால் போதும்.

கைவேலை வராதவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பசை வேண்டாம். கத்தரிக்கோல் வேண்டாம். மடிக்காதீர்கள். நல்ல பாத்திரம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், வீட்டுக்காரம்மாவிடம் கட்டாயம் இருக்கும். அதில் தண்ணீர் ஊற்றிப் பூவைக் காம்பு கிள்ளிப் போடுங்கள், அது தானாக மிதக்கும். ஒரே வகையை நிறைய வையுங்கள். பத்து வகையை ஒவ்வொன்றாக வைத்தால் உங்கள் கை தெரிந்துவிடும். உயரமாக எதையாவது வைத்து எதிரில் இருப்பவர் முகத்தை மறைக்காதீர்கள். சாப்பிடுகிற பொருளாக இருந்தால் வீணாகாது என்று இன்னொன்றும் அன்றைக்கு நினைத்தேன். அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

பனங்கிழங்கு வாங்கி வந்து மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தேன். கீழ் வீட்டு அம்மாவிடம் பெரிய பித்தளைத் தாம்பாளமும் ஒரு செம்பும் கேட்டேன். “எடுத்துக்கினு போ, ஆனா நசுக்கிடாத” என்று பழம்புடவை சுற்றிக் கொடுத்தார். விழா அன்று மற்றவர்களுக்கு முன்னால் கேன்டீனுக்குப் போனேன். டேப் வைத்து மேசையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, நடுவில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளியின் மேல் தாம்பாளம், அதன் நடுவில் செம்பு. செம்பில் தண்ணீர், அதில் குட்டைத் தழையோடு மஞ்சள் கொத்து. சுற்றிலும் தாம்பாளத்தில் பனங்கிழங்கை ஒரே நீளமாகப் பொறுக்கி, நுனி வெளியே பார்க்க, சூரியன் கதிர் மாதிரி அடுக்கினேன். இடைவெளிகளில் அவித்த வேர்க்கடலை. இரண்டு பக்கமும் கண்ணாடி டம்ளர்களில் ஒவ்வொரு சாமந்தி. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தள்ளி நின்று பார்த்தேன். நன்றாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் வைத்த ஒரு பொருளைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று நானே நினைத்தது அதுதான் முதல் தடவை. போட்டோ எடுக்கலாம் என்று போனைத் தேடினேன். லாக்கரில் இருந்தது. அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

ஒரு மணிக்குப் பார்வையிட வருவதாக இருந்த பிளான்ட் ஹெட், ஏதோ மீட்டிங்கில் மாட்டிக்கொண்டார். அவர் வந்து பார்த்த பிறகுதான் இலை போடுவார்கள். எங்கள் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து லைனிலிருந்து ஒரு லாட்டில் சந்தேகம் என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய் அளந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

வந்து பார்த்தால் தாம்பாளம் காலி. மேசை விரிப்பின் மேல் கிழங்குத் தோலும் நாரும் கடலைத் தொலியும். செம்பில் மஞ்சள் கொத்து மட்டும் சாய்ந்து நின்றது. ஒருவர் கடைசிக் கிழங்கைப் பிளந்து நடு நரம்பை உருவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “சூப்பரா இருந்துச்சு மேடம், இன்னும் கொஞ்சம் இருக்குதா?” என்றார்.

நான் வாயைத் திறக்கும் முன்னால் பிளான்ட் ஹெட்டும் அவர் மனைவியும் வந்துவிட்டார்கள். அந்த அம்மாள் எங்கள் மேசை முன்னால் நின்று, தோல் குவியலைப் பார்த்து, மஞ்சள் கொத்தைப் பார்த்து, “நேச்சுரலா இருக்கு” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். சூப்பர்வைசர் என் பக்கம் குனிந்து, “ஏம்மா, கொஞ்சம் ஒழுங்கா பண்ணிருக்கலாம்ல” என்றார். அவர் மீசையில் கடலைத் தொலி ஒட்டியிருந்தது.

“நீங்க தின்னுட்டீங்க சார்” என்றேன்.

“திங்கிறத வெச்சா திங்காம? அலங்காரம்னா திங்க முடியாததா வெக்கணும்மா.”

எதிரில் இருந்த ஒருவர் நியாயம் சொல்ல வந்தார். “சாப்பிடத்தான் வெச்சீங்கன்னு நெனச்சோம்.” அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால் கோபம் இன்னும் அதிகமாயிற்று. யார் மேல் வைப்பது என்று தெரியாத கோபம். இலைச் சாப்பாட்டில் பாயசம் எப்படி இருந்தது என்றுகூட எனக்கு நினைவில்லை.

பரிசு ஸ்டோர்ஸ் பிரிவுக்கு. நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். பேக்கிங் கட்டைகளின் சிம்புகளில் ஒரு மாட்டு வண்டி. சக்கரத்துக்குப் பெட்டி கட்டும் மஞ்சள் பட்டை. வண்டியில் வைக்கோல், விரல் நீளச் சாக்கு மூட்டைகளில் நிஜ நெல். மாடுகளுக்குக் கழுத்து மணிகூட இருந்தது. பார்த்துக்கொண்டே நிற்கலாம் போல இருந்தது. அந்தப் பிரிவிலும் ஒரே ஒரு பெண்தான், என்னைவிட வயதில் மூத்த கிளார்க் அக்கா. பரிசாக ஒரு ஹாட் பாக்ஸைக் கொடுத்துக் கைதட்டினார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டே வாங்கினார். எங்கள் சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, “பாத்தியா, பொம்பள நெனச்சா எப்டி பண்றாங்க” என்றார்.

மாலையில் கம்பெனி பஸ்ஸில் அக்கா பக்கத்தில் இடம் கிடைத்தது. மடியில் ஹாட் பாக்ஸ் இருந்தது. “எப்படிக்கா இவ்வளவு நல்லாச் செஞ்சீங்க?” என்று கேட்டேன். மனதுக்குள் கொஞ்சம் பொறாமை இருந்தது.

அக்கா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “நான் ஒரு ஆணிகூட அடிக்கலம்மா. எங்க ஃபோர்க்லிஃப்ட் ஓட்றவரு கீறாரே, வல்லக்கோட்டை பக்கத்து ஆளு, அவரு பண்ணது. தெனமும் வூட்லேந்து கொஞ்சம் கொஞ்சமா செஞ்சு டிபன் பையில எடுத்தாந்தாரு. யார்கிட்டயும் சொல்லாதீங்க, நீங்க பண்ணதாவே இருக்கட்டும்னு கையப் புடிச்சுக் கேட்டுக்கினாரு. எனக்குக் கூசிப் போச்சு. இதைக் கொண்டுபோய் அவங்க வூட்லதான் குடுக்கப் போறேன்.”

மறுநாள் ஸ்டோர்ஸ் பக்கம் ஒரு வேலை இருப்பது போலப் போனேன். அவர் வண்டியை நிறுத்திவிட்டு நிழலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நான் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

“அக்கா சொல்லிட்டாங்களா?”

“நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன் அண்ணே. ஏன் மறைக்கீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் கேக்கேன்.”

“வேற இன்னா மேடம். தெரிஞ்சா ஒரு வருஷம் ஓட்டுவானுங்க. போன கம்பெனில ஆயுத பூஜைக்கு ரோஜாவுல மாலை கட்டினேன். அன்னிலேந்து எனுக்குப் பேரே வேற. வேலைய வுட்டு வர்ற வரைக்கும் அப்டித்தான் கூப்ட்டானுங்க.”

“எனக்கு வராதுன்னு ஒரு வாரமா சொன்னேன், ஒருத்தரும் நம்பல. நீங்க பக்கத்துக் கட்டடத்துலயே இருந்திருக்கீங்க.”

“நீங்க கடையில தர்மாகோல் வாங்கிக்கினு போனதப் பாத்தேன் மேடம்” என்றார். “அத அப்டியே வெட்டக் கூடாது, கத்திய சூடு பண்ணணும். சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்திச்சு. எப்டி வந்து சொல்றது.”

எனக்கு அவர் மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான். என் விரலில் தீக்காயம் இன்னும் உரிந்துகொண்டிருந்தது. அந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன. பிறகு யோசித்துப் பார்த்தால் அவர் மேல் எரிச்சல் காட்டவும் நியாயமில்லை. செய்யத் தெரிந்தவன் ஒளித்துவைக்க வேண்டியிருந்தது, தெரியாதவள் செய்து காட்ட வேண்டியிருந்தது. என் பிரிவுக்குத் திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் இருவரும் தலையசைத்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

அடுத்த வருடமும் அதே காகிதம் வந்தது. அதே இடத்தில் என் பெயரை எழுதினார்கள். இந்த முறை நான் வாதாடவில்லை. அந்த வாரத்துக்கு லீவ் கேட்டு ஒரு மாதம் முன்பே கையெழுத்து வாங்கிவைத்திருந்தேன். அதைச் சூப்பர்வைசரிடம் நினைவுபடுத்தியபோது, “அப்போ யார் பண்றது?” என்று உண்மையாகவே கவலைப்பட்டார். “ஆம்பளைங்க பதினோரு பேர் இருக்கீங்களே சார்” என்றேன். அது ஒரு பதில் என்றே அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

விழா அன்று நான் உடன்குடியில் அம்மா வீட்டில் இருந்தேன். மத்தியானம் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. எங்கள் மேசை. நடுவில் ஒரு பூ ஜாடி. பெரிதாக்கிப் பார்த்தேன். வரவேற்பறையில் செக்யூரிட்டி மேசை மேல் வருடம் முழுக்க இருக்கும் பிளாஸ்டிக் ரோஜா ஜாடி. தூசிகூடத் துடைக்கவில்லை. அதைத் தூக்கி வந்து வைத்திருக்கிறார்கள். நடுவில்கூட இல்லை, இடது பக்கம் ஒரு முழம் தள்ளி இருந்தது.

படத்துக்குக் கீழே சூப்பர்வைசர் எழுதியிருந்தார்: சிம்பிள் அண்ட் நீட், நம்ம பசங்க கலக்கிட்டாங்க. அதற்கு வரிசையாகக் கைதட்டல் எமோஜிகள். ஹெச்.ஆர். பெண்ணும் ஒன்று போட்டிருந்தாள். ஒழுங்காகச் செய்திருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து என்ன பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஏதாவது எழுத வேண்டும் என்று விரல் துடித்தது. ஒரு வரி எழுதினேன், அழித்தேன். இன்னொன்று எழுதினேன், அதையும் அழித்தேன். கடைசியில் நானும் ஒரு கைதட்டலைப் போட்டுவிட்டுப் போனை வைத்தேன். அதை ஏன் போட்டேன் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.